பெரும்புள்ளி வாங்கிய பஞ்ச்

இனிமேல் இந்த வீட்டில் ஒரு ஓட்டைகூடக் கோணலாகப் போடமாட்டேன் என்று பெரும்புள்ளி சபதம் எடுத்தபோது, அவர் மனைவி பீரோ கதவில் இருந்த கோட்டை ஈரத்துணியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். கோடு போகவில்லை. தேய்த்தால் போகிற கோடா அது?

பெரும்புள்ளி என்றதும் பங்களா, கார், கைகட்டி நிற்க நாலு ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். மனிதர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். மெய்யெழுத்தின் தலையில் ஒரு புள்ளி விட்டுப்போனால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. அதனால் அச்சகத்தில் வைத்த பட்டப்பெயர். வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. என்ன, வீட்டில் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

நடந்தது இதுதான். பீரோ கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் வைக்க வேண்டும். புது ட்ரில்லை எடுத்து, பென்சிலால் வைத்த குறியில் நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார். ட்ரில் அந்த இடத்தில் நின்றால்தானே! வழவழவென்ற தகரத்தின் மேல் வழுக்கிக்கொண்டு கைப்பிடி வரைக்கும் போய் நலம் விசாரித்துவிட்டு வந்தது. கதவுக்கு ஒரு பக்கம் மட்டும் மீசை முளைத்துவிட்டது.

"என்னங்க இது?"

"ட்ரில் வழுக்கிடுச்சு."

"ஓஹோ, ட்ரில்தான் வழுக்குச்சா!"

"என் மேல தப்பே இல்ல. சென்டர் பஞ்ச் இல்லாம ட்ரில் போட்டா, எவன் போட்டாலும் வழுக்கத்தான் செய்யும்."

"பஞ்சா? அதான் வீடு பூரா கிடக்கே! ஒரு பிடி எடுத்துக்கிட்டுப் போட வேண்டியதுதானே?"

பெரும்புள்ளி கண்ணை மூடித் திறந்தார். "அந்தப் பஞ்சு இல்ல. இது பஞ்ச். ச்! புள்ளி வெச்ச ச்!"

"என் காதுல ரெண்டும் ஒண்ணாதான் விழுது."

"இது இரும்பு. பென்சில் மாதிரி இருக்கும். கூர்முனையைக் குறி மேல வெச்சு, தலையில சுத்தியால ஒரு தட்டு தட்டினா சின்னதா ஒரு குழி விழும். ட்ரில் அந்தக் குழியில உக்காந்துக்கும். அப்புறம் இப்படி அப்படி நகராது."

"குழியில உக்காந்தா எப்படி நகர முடியும்? எனக்குத் தெரியாதா! கல்யாணம் ஆனதுலருந்து உக்காந்திருக்கேன்."

வீடு பூரா கிடக்கே என்றாளே, அது பொய்யில்லை. அவள் தலையணை தைத்து விற்கிறவள். கூடத்தில்தான் தையல் மிஷின், கூடத்தில்தான் பஞ்சு மூட்டை. பெரும்புள்ளியின் டீயில் பஞ்சு மிதக்கும், மூக்குக் கண்ணாடியில் பஞ்சு ஒட்டும். வீட்டுக்கு யாராவது வந்தால் போதும், அத்தனையையும் அள்ளி மூலையில் போட்டுவிட்டு, அவர்கள் போனதும் மறுபடி பரப்ப வேண்டும். குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போகிறது, பின்னறையை எனக்குக் கொடுங்கள் என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அந்தப் பின்னறை மேல்தான் பெரும்புள்ளிக்கும் உயிர். ஒரு மேஜை, அதில் இரும்பைக் கவ்விப் பிடிக்க ஒரு பட்டறைப் பிடி, சுவரில் வரிசையாகச் சுத்தியல், ரம்பம், அரம். கதவைச் சாத்திக்கொண்டால் அது அவருடைய பட்டறை. காலமெல்லாம் ஊரார் எழுதியதில் தப்புக் கண்டுபிடித்துக் கண்டுபிடித்து அவருக்கு அலுத்துவிட்டது. தன் கையால் ஒன்றாவது செய்துவிட வேண்டும், அதில் வேறு எவனாவது தப்புக் கண்டுபிடிக்கட்டும் என்று ஏங்கினார். பாவம், நியாயமான ஏக்கம்தான்.

ஆனால் பீரோவில் மீசை வரைந்தவருக்குப் பட்டறை எதற்கு என்று அவள் கேட்டுவிட்டாள். அதுவும் எதிர்வீட்டு இலக்கண வாத்தியார் வந்து உட்கார்ந்திருக்கும்போது கேட்டுவிட்டாள். வாத்தியார் கழுத்து வலிக்குப் பட்டை போட்டுக்கொண்டு, திரும்ப முடியாமல், நேராகப் பார்த்தபடி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

பெரும்புள்ளிக்கு ரோஷம் வந்துவிட்டது. எழுந்து நின்றார். பேச்சு மேடையில் நிற்பவர்போல ஒரு கையை உயர்த்தினார்.

"இந்தா பாரு! வாத்தியார் சாட்சியா சொல்றேன். நல்ல பஞ்சு ஒண்ணு இந்த வீட்டுக்குள்ள வந்துடட்டும். வந்த நிமிஷத்துலருந்து அந்த ரூம் பஞ்சுக்குத்தான்! அதுக்கு மேல அந்த ரூமைப் பத்தி யாரும் வாயைத் திறக்கக் கூடாது!"

அவள் ஒரு கணம் அவரையே பார்த்தாள்.

"யாருமா?"

"யாரும்!"

"நீங்களும்?"

"நானும்!"

"சரிங்க," என்றாள். அவ்வளவுதான். மறுபேச்சு இல்லை. இத்தனை சுலபமாக அவள் எதற்குமே சரி சொன்னதில்லை. அங்கேயே பெரும்புள்ளி விழித்துக்கொண்டிருக்க வேண்டும். மனிதர் ஜெயித்துவிட்ட பூரிப்பில் வாத்தியாருக்கு இன்னொரு டீ கொடுக்கச் சொன்னார்.

மறுநாளே இரும்புக் கடைக்குப் போனார். கடைக்காரர் ஒரு சென்டர் பஞ்சை எடுத்து நீட்டினார். பெரும்புள்ளி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அச்சுத்தாளைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார். பிறகு மேஜையில் படுக்கப்போட்டு உருட்டினார். முனை வட்டமடித்து ஆடியது.

"முனை நடுவுல இல்லையே! சென்டர்னு பேரை வெச்சுக்கிட்டு சென்டர்ல இல்லன்னா எப்படி?"

கடைக்காரர் இன்னொன்றைக் கொடுத்தார். முனையில் அரத்தை வைத்து லேசாக இழுத்தார் பெரும்புள்ளி. அரம் கடித்தது.

"இது மெத்து. நாலு புள்ளி வெச்சா மழுங்கிடும்."

"அப்ப இதை எடுங்க சார். ஆட்டோமேட்டிக். உள்ள ஸ்பிரிங் இருக்கு. சுத்தியே வேணாம், அழுத்தினா டிக்னு அதுவே அடிச்சுக்கும்."

"நான் அடிக்கணும். அதுவே அடிச்சுக்கிட்டா அப்புறம் நான் எதுக்கு?"

அன்று வெறுங்கையோடு திரும்பினார். அடுத்த நாளும் போனார், அதற்கடுத்த நாளும் போனார். ஒன்று உடம்பெல்லாம் வழவழவென்று இருந்தது, வியர்த்த கையில் நழுவும். ஒன்றுக்குத் தலையும் முனைபோல ஒரே கடினம், சுத்தியால் அடித்தால் சில்லு தெறித்துக் கண்ணில் விழும். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"சார், கல்யாணத்துக்குக்கூட நீங்க இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டீங்க."

"அப்ப யோசிச்சிருந்தா இப்ப இங்க வந்து நிக்க மாட்டேன்யா."

கடைசியில் கிடைத்தது. பிடியில் சொரசொரவென்று கோடு வெட்டியிருந்தது. உருட்டினால் முனை ஆடவில்லை. அரம் முனையைக் கடிக்காமல் வழுக்கியது. தகரத் துண்டில் வைத்து ஒரு தட்டுத் தட்டினார். அடடா! வட்டமாக, ஆழமாக, அழகாக ஒரு புள்ளி. இத்தனை வருஷம் மையால் வைத்த புள்ளியெல்லாம் புள்ளியா என்று தோன்றியது அவருக்கு. சட்டைப் பையில் குத்திக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி வீட்டுக்கு வந்தார்.

வாசலிலேயே மனசில் ஏதோ இடித்தது. கூடம் காலியாக இருந்தது. பளிச்சென்று தரை தெரிந்தது. நேரே பின்னறைக்கு ஓடினார். அறை நிறைய மூட்டை. கூரை முட்ட மூட்டை. நடுவில் தையல் மிஷின். ஒரு மூட்டை மேல் வாத்தியார் சாய்ந்திருந்தார்.

"என் ரூமுக்குள்ள என்ன இது?"

"பஞ்சுங்க."

"அது எனக்கும் தெரியுது!"

"நல்ல பஞ்சு. கையை வெச்சுப் பாருங்களேன். தூசி இல்ல, கொட்டை இல்ல. மதியமே வந்து இறங்கிடுச்சு. நல்ல பஞ்சு வீட்டுக்குள்ள வந்தா அந்த ரூம் பஞ்சுக்குத்தான்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான் சொன்னது பஞ்ச்! இரும்பு!"

அவள் வாத்தியார் பக்கம் திரும்பினாள். வாத்தியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"தம்பி, எனக்குப் பொய் சொல்ல வராது. நீங்க அன்னிக்குச் சொன்னது பஞ்சு. கடைசியில உகரம் தெளிவா கேட்டுது. மென்தொடர்க் குற்றியலுகரம். ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை."

"பேசும்போது எல்லாரும் அப்படித்தானே சொல்வாங்க! பஸ்ஸு, காரு, பல்பு..."

"வாஸ்தவம்தான். அச்சுல அப்படி வந்தா விடுவீங்களா?"

பெரும்புள்ளியா? விடமாட்டார். தலையே போனாலும் விடமாட்டார். வாத்தியார் கழுத்தில் பட்டை இல்லாததும், முதுகுக்குப் பின்னால் புத்தம்புதுத் தலையணை இருந்ததும் அப்போதுதான் அவர் கண்ணில் பட்டன. வாயைத் திறந்தார்.

"யாரும் வாயைத் திறக்கக் கூடாதுன்னீங்க," என்றாள் மனைவி. "நீங்களுமான்னு நான் கேட்டுக்கிட்டேன்."

திறந்த வாயை மூடிக்கொண்டார். அந்த மேஜையும் சுவரும் வரிசையான சுத்தியலும் எல்லாம் போச்சு. அவர் முகத்தைப் பார்த்து அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. உள்ளே போய், பீரோவுக்கு வாங்கி வைத்த தாழ்ப்பாளை எடுத்து வந்தாள்.

"இந்த ரூம் தகரக் கதவுக்குப் போட்டுக் குடுங்களேன். உங்க பஞ்சு எப்படி வேலை செய்யுதுன்னு பார்ப்போம்."

பென்சிலால் குறித்தார். முனையை வைத்தார். சுத்தியால் ஒரு தட்டு. ட்ரில் அந்தக் குழியில் போய் உட்கார்ந்தது, அசையவில்லை, நேராக இறங்கியது. நாலு ஓட்டை, நாலும் நேர். தாழ்ப்பாள் கதவோடு பிறந்ததுபோல உட்கார்ந்தது.

"அட, நிஜமாவே நேரா இருக்குங்க!" என்றாள் அவள். கேலி இல்லாமல் சொன்னாள். பெரும்புள்ளிக்கு அறை போன துக்கத்தில் பாதி போய்விட்டது.

"இதை எங்க வைக்கிறது?" என்று பஞ்சை நீட்டினார்.

"குடுங்க, பத்திரமா நான் வெச்சுக்கிறேன்."

மறுநாள் சாயங்காலம் பின்னறைக்குள் எட்டிப் பார்த்தார். அவள் அந்த இரும்புப் பஞ்சைத் தலைகீழாகப் பிடித்து, அதன் மொட்டைத் தலையால் தலையணை மூலைக்குள் பஞ்சைக் குத்தித் திணித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"ரொம்ப நல்ல பஞ்சுங்க! மூலை முடுக்கெல்லாம் என்னமா இறங்குது! ஒரே ஒரு குறை, அடுத்த தடவை மட்டும் முனை கூரா இல்லாததா பார்த்து வாங்குங்க, கையைக் குத்துது."