கடுக்காய் சாருக்குப் பிடிப்பு

"எனக்கு நடிக்க வராது மேடம். ஆளை விடுங்க," என்றார் கணக்கு வாத்தியார்.

தலைமையாசிரியை விடுவதாக இல்லை. பிள்ளைகள் குறைந்துவிட்டதால் ஓர் ஆசிரியரை வேறு பள்ளிக்குத் தூக்கப் போகிறார்கள். பள்ளிமேல் யாருக்குப் பிடிப்பு இல்லையோ, அவரை. விசாரிக்க அதிகாரி வந்துகொண்டிருக்கிறார். இந்த மனுஷனோ சுவரையும் திட்டுவார், சாக்பீஸையும் திட்டுவார். பிள்ளைகள் வைத்த பெயர் கடுக்காய் சார். ஆனால் செங்கல் சூளைக்கு மண் மிதிக்கப் போன பிள்ளைகளை, வீடு ஏறிப் பெற்றவர்களைத் திட்டி இழுத்து வருகிறவரும் அவர்தான். அவர் போனால் அந்தப் பிள்ளைகளும் போச்சு.

"பள்ளிக்கூடத்து மேல பிடிப்பு இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார். உங்க வாய் தேஞ்சா போயிடும்?"

"அதெல்லாம் வாயால சொல்ற சமாச்சாரமா?"

வெடுக்கென்று வெளியே போனவர், திரும்பும்போது இடுப்பில் கைவைத்து, ஒடிந்த குடைக்கம்பிபோல் வளைந்து வந்தார்.

"என்ன சார் ஆச்சு?"

"பிடிச்சிருக்கு மேடம்."

வாசலில் ஜீப் சத்தம். இந்தக் கோலத்தில் பார்த்தால் வேலைக்கு லாயக்கில்லை என்று இவரைத்தான் முதலில் தூக்குவார்கள். தலைமையாசிரியை அவசரமாக அவரை மேசைக்குப் பின்னால் அமுக்கி உட்காரவைத்தார். அதுவே வம்பாகப் போயிற்று. அதிகாரி நுழைந்தபோது ஆசிரியர்கள் எல்லாரும் எழுந்தார்கள், இவர் அசையவில்லை.

முகம் முழுக்கச் சிரிப்போடு அதிகாரிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார் தமிழாசிரியர். அதிகாரி முதலில் அவரைத்தான் கேட்டார், இந்தப் பள்ளிமேல் பிடிப்பு உண்டா என்று.

"எந்தப் பள்ளிக்கூடம்னாலும் எனக்குச் சந்தோஷம்தான் ஐயா."

அதிகாரி திரும்பினார். "இவர் எழுந்திருக்க மாட்டாரோ?"

"அவருக்குப் பிடிப்பு சார்," என்று குறுக்கே விழுந்தார் தலைமையாசிரியை. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அதிகாரியின் முகம் இளகியது. "அப்படியா. எப்ப இருந்து?"

"இங்க வந்த அன்னிக்கே பிடிச்சது," என்றார் கடுக்காய், கடுகடுவென்று.

"நடுவுல விடலையா?"

"எங்க விடுது. லீவு நாள்லதான் ஜாஸ்தி. வீட்ல இருப்புக் கொள்ளாது."

"வேற பள்ளிக்கு மாத்தினா?"

"அங்கேயும் கூடவே வரும்."

தலைமையாசிரியை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இவர் இடுப்பைச் சொல்கிறார், அவர் எதையோ நினைத்து உருகுகிறார். குட்டு உடைவதற்குள் பேச்சை முடிக்க வேண்டும்.

"ஒரு மாத்திரை போட்டா சரியாயிடும் சார்."

"என்னம்மா கிண்டலா? மாத்திரையில போற விஷயமா இது? உங்களுக்குப் பிடிப்பு இருக்கா, முதல்ல அதைச் சொல்லுங்க."

"எனக்கு முழங்..." என்று தொடங்கி, மீதியை விழுங்கினார் தலைமையாசிரியை.

மாற்றல் தமிழாசிரியருக்கு. அதற்கும் அவர் சிரித்தார். கடுக்காயின் தோளைத் தட்டிவிட்டு அதிகாரி ஜீப் ஏறினார். கடுக்காய் வளைந்தபடியே வகுப்புக்குப் போனார்.

மூட்டையை இறக்கியவர் மாதிரி மூச்சுவிட்ட தலைமையாசிரியை, பள்ளிக்கூடம் பெருக்கும் அக்காவிடம் தைலம் கொடுத்து அனுப்பினார். போன வேகத்தில் அக்கா திரும்பி வந்தார், தைலத்தோடு.

"யாரு இடுப்புக்கும்மா இது? அந்த மனுஷன் மாடிப்படியை ரெண்டு ரெண்டா தாவி ஏறி, பிள்ளைங்களைத் திட்டிக்கிட்டு இருக்காரு."