பாலிகைக் கோதுமையின் மஞ்சள் புள்ளி

ரயில்வே குவார்ட்டர்ஸ், பிரிக்பீல்ட்ஸ்
12-6-1933

கிள்ளான் மகாராஜராஜஸ்ரீ சம்பந்தி வேலாயுதம் அவர்களுக்கு அய்யாவு அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் பவுனம்மாளும் மகள் தங்கமணியும் க்ஷேமம். அவ்விடம் தங்கள் க்ஷேமத்தையும், சம்பந்தியம்மாளின் முட்டிவலி க்ஷேமத்தையும், மாப்பிள்ளை பாலனின் லீவு க்ஷேமத்தையும் அறிய ஆவல்.

நிற்க. கல்யாணத்தை மறுபடி தள்ளிவைக்கும்படி தாங்கள் சொல்லியனுப்பியது கிடைத்தது. தள்ளிவைக்க மாட்டேன். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காமல் ஏற்கெனவே ஒரு மாதம் தள்ளிப்போனதுதான் இத்தனை வினைக்கும் காரணம். தாலி கட்டியதும் ஆற்றில் விட வேண்டிய நவதானியப் பாலிகை, இரண்டு வீட்டுடையதும், என் வாசலிலேயே முழ உயரம் வளர்ந்து நின்றது. பயறும் உளுந்தும் நன்றாகவே இருந்தன. எங்கள் சட்டியில் கோதுமை இலையில் மட்டும் மஞ்சள் புள்ளி விழுந்தது. உங்கள் சட்டிக் கோதுமை பச்சைப்பசேலென்று நின்றது. சம்பந்தியம்மாள் அதைப் பார்த்துவிட்டுக் காப்பியைக் கீழே வைத்தார்கள். "பொண்ணு வீட்டுப் பாலிகை வெளிறிப்போச்சு, இது நல்லதுக்கில்லே" என்று சொல்லிவிட்டு ரயிலேறிவிட்டார்கள். தங்கமணி, "இலைக்குத்தானேப்பா சீக்கு, எனக்கா?" என்று அழுதாள். இதை ஒரு கை பார்க்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மாரியம்மன் முளைப்பாரி என்று நினைத்து இரண்டு பெண்கள் கும்பிட்டார்கள். கண்டக்டரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பிறகு அதற்கும் டிக்கெட் கேட்டான். விவசாய இலாகாவில் பயிர்ச்சீக்கு பார்க்கும் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இலையைப் பூதக்கண்ணாடிக் குழலில் வைத்துப் பார்த்தார். "இது பூஞ்சணம். வியாதி ஒண்டுதான், அதுக்குள்ள கன வகை. இந்த வகை உங்கட கோதுமையைத் தின்னும், சம்பந்தியின்ரதை மோந்தும் பாராது" என்றார். அதையும் சும்மா நம்பாமல், உங்கள் கோதுமையை என் சட்டியிலும் என் கோதுமையை உங்கள் சட்டியிலும் விதைத்தேன். உங்கள் சட்டியிலும் என் கோதுமைதான் படுத்தது. ஆகவே குற்றம் சட்டியிலும் இல்லை, வீட்டிலும் இல்லை, என் பெண்மேலும் இல்லை. பஞ்சாபிப் பால்காரரிடம் நான் வாங்கிய கோதுமையிலும், பவுனம்மாள் சட்டிகளின் அடியில் பரப்பிய அவருடைய பழைய கோதுமை வைக்கோலிலும்தான்.

சகுனம் என்பதெல்லாம் வெறும் பேச்சு. இலையைப் பார்த்தா பெண்ணை எடைபோடுவது? வியாழக்கிழமை முகூர்த்தம், மேளத்துக்குச் சொல்லியாகிவிட்டது. சம்பந்தியம்மாளுக்கு எங்கள் வணக்கம், மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம், வீட்டுக் குழந்தைகளுக்கு அன்பு.

இப்படிக்கு,
மாறாத மனமுள்ள
அய்யாவு

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது பவுனம்மாள் வாசலிலிருந்து கூவினாள். உங்கள் கோதுமையிலும் மஞ்சள் புள்ளி! யாழ்ப்பாணத்துக்காரரிடம் ஓடினேன். "இது வேற வகை. இது உங்கட சம்பந்தியின்ர கோதுமைக்கெண்டே வந்தது" என்கிறார். ஆகையால் சகுனம் வெறும் பேச்சு என்று மேலே எழுதியதைத் தயவுசெய்து அடித்துவிடவும். சகுனம் முற்றிலும் உண்மை. இரண்டு வீட்டுக்கும் ஒரே சீக்கு, அதிலும் ஆளுக்கொரு வகை. எந்த ஜோசியர் பார்த்தாலும் இப்படி ஒரு பொருத்தம் அமையாது. எல்லோரும் புதன்கிழமையே வந்துவிடுங்கள். தங்கமணி சிரித்துவிட்டாள், இனி யார் சொன்னாலும் முகூர்த்தத்தை மாற்ற மாட்டேன்.