எய்னாரின் அடுப்பில் எங்கள் பால்

ஏலத்தில் வாங்கிய வீட்டில் பழைய உரிமையாளர் இன்னும் குடியிருந்தால், வாங்கியவர் தன்பாட்டில் உள்ளே போகக்கூடாது. நீதிமன்றத்துக்கு எழுதி, அங்கிருந்து வரும் அலுவலரோடுதான் போகவேண்டும். டென்மார்க்கின் இந்த விதி எனக்கு நன்றாகத் தெரியும். ஓய்வுபெறும்வரை நகரசபையில் மற்றவர்களுக்கு விதிகளை விளக்கித்தான் சம்பளம் வாங்கினேன். (கல்யாணப் பந்தியிலும் விளக்குவேன். என் பக்கத்துக் கதிரை பெரும்பாலும் காலியாகவே இருக்கும்.)

கோப்பன்ஹேகனை ஒட்டிய ஹ்விடோவ்ரேயில் மூன்றாம் மாடி வாடகை வீட்டில் இருந்தோம். என் மனைவி சறோவுக்குத் தரையில் நிற்கும் ஒரு வீடு வேண்டும். எங்கள் ஓய்வூதியத்துக்கு அந்தப் பக்கத்தில் நாய்க்கூடுதான் கிடைக்கும். அப்போதுதான் தூரத்துச் சிற்றூரான கிரின்ஸ்டெட்டில், வங்கி ஏலத்துக்கு விட்ட ஒரு பழைய வீடு கண்ணில் பட்டது.

போய் ரோட்டில் நின்று பார்த்தோம். சிவப்புச் செங்கல், பாசி படர்ந்த கூரை, இடுப்பளவு புல். அந்தப் புல்லுக்குள் ஓர் ஆப்பிள் மரம் யாரும் கேட்காமலே பூத்து நின்றது. காற்றில் இதழ்கள் விழுவதை சறோ பார்த்துக்கொண்டிருந்தாள். கறிவேப்பிலைத் தொட்டியை எங்கே வைப்பது என்று அவள் யோசிப்பது எனக்குக் கேட்டது. நானும் கனவில்தான் நின்றேன், ஆனால் உத்தியோகபூர்வமாக. திரைச்சீலைகள் மூடியிருந்தன, வாசலில் கார் இல்லை. பஸ் அரிதான அந்த ஊரில் கார் இல்லையென்றால் ஆளும் இல்லை. வீடு காலி என்று தீர்ப்பளித்தேன்.

ஏலத்தில் வீடு எங்களுக்கு விழுந்தது. வீடு காலியென்றாலும், அதைக் கையளிக்க ஓர் அலுவலர் வரவேண்டும் என்று முறைப்படி நீதிமன்றத்துக்கு எழுதினேன். பதில் வரவில்லை. புதுவீட்டில் பால் காய்ச்சும் குடிபூரலுக்கு ஆனிக் கடைசியில் ஒரேயொரு நல்ல நாள் இருந்தது.

"ஆடி பிறந்தால் பிறகு ஆவணிதான். உங்கட கோர்ட்டுக்கு ஆடி ஆவணி தெரியுமே?" என்றாள் சறோ.

விடியற்காலையில் மகள் நிலானி கார் ஓட்ட, குத்துவிளக்கு, சாமிப்படம், பால், பானையோடு போய் இறங்கினோம். புல்லின்மேல் பனிமூட்டம் பால்போலவே கிடந்தது. பின்கதவு பூட்டியிருக்கவில்லை. அதையும் வீடு காலி என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொண்டேன். உள்ளே குளிர்சாதனப்பெட்டி உறுமியது. மின்சாரத்தை நிறுத்தாமல் போனது பிழையான நடைமுறை என்று மகளுக்கு விளக்கினேன்.

மின்னடுப்பில் பானை ஏறியது. மூவரும் சுற்றி நின்றோம். திரைச்சீலை வழியே வந்த வெளிச்சத்தில் தூசி மெல்ல மிதந்தது. நுரை எழுந்து, விளிம்பைத் தொட்டு, இதோ என்று நின்ற நேரம், என் தோளுக்கு மேலால் நீலப் பைஜாமாக் கையொன்று வந்து அடுப்பை நிறுத்திப் பானையை இறக்கியது.

"பால் பொங்கப் பார்த்தது," என்றார் ஒரு முதியவர், உதவிசெய்த திருப்தியோடு. பிறகுதான், "மன்னிக்கவும், நீங்கள் ஆர்?" என்றார். (டேனிஷில் சொன்னதை எங்கள் தமிழில் தருகிறேன்.)

எய்னார். பழைய உரிமையாளர். நான்தான் புதியவர் என்று தொடங்கி, மேற்படி விதியையும் சொல்லி, அதை நான் எப்படி மீறினேன் என்பதையும் அவருக்கு ஒழுங்காக விளக்கி முடித்தேன். அவரிடம் வழக்கறிஞர் இருந்திருந்தால் அந்த ஆளுக்கு வேலையே இருந்திருக்காது. எய்னார் கோபிக்கவில்லை. நகரசபை அவர் பெயருக்கு ஒரு சின்ன வீடு ஒதுக்கும்வரை போக இடமில்லையாம். அயலவர் முகத்தில் விழிக்க வெட்கமென்று திரைச்சீலையைத் திறப்பதில்லையாம்.

சறோ தணிந்துபோன நுரையைப் பார்த்துச் சத்தமில்லாமல் அழுதாள். நல்ல நேரம் முடியப்போகிறது. பால் பொங்கி வழிந்தால்தான் வீடு எங்களை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம் என்று நிலானி அவருக்கு மெதுவாகச் சொன்னாள்.

எய்னார் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். "என்ர மனிசி இருக்கும்வரைக்கும் இந்த அடுப்பில ஒருநாளும் பொங்கவிடேல்ல," என்றார். பிறகு தானே பானையை ஏற்றினார். "எந்தப் பக்கம் வழியவேணும்?"

"கிழக்கு," என்றாள் சறோ.

"கொஞ்சம் பொறுங்கோ. வீடு மேற்குப் பக்கம் சரிவு." குனிந்து அடுப்பின் காலுக்கடியில் ஒரு மட்டைத்துண்டைச் செருகினார். (வீடு சரிந்திருக்கிறது என்பதை வாங்கியவன் அறிந்துகொண்டது அப்படித்தான்.)

பால் கிழக்கே வழிந்தது. அடுப்பு ஒருமுறை வெடித்தது, வீடு முழுவதும் மின்சாரம் போனது. அந்த அரையிருட்டில் நால்வரும் பால் குடித்தோம். முதல் கோப்பையை சறோ எய்னாருக்குக் கொடுத்தாள்.

திரும்பும் வழியில், அலுவலர் வந்ததும் முறைப்படி எய்னாரை வெளியேற்றலாம் என்று ஆரம்பித்தேன்.

"முதல் பால் குடிச்ச மனுசனை வெளியில விட்டால் நான் அங்க வரமாட்டன்," என்றாள் சறோ. மேன்முறையீட்டுக்கு இடமில்லாத தீர்ப்பு.

அதே மாதம் குடிபோனோம். எய்னார் தன் அறையிலேயே இருந்தார். புல்லை வெட்டினார், சறோவின் ரசத்துக்குக் காரம் போதாது என்று சொல்லுமளவுக்கு முன்னேறினார். நிலானியோ, நான் எந்த வீட்டுக் கதவைத் திறந்தாலும், "மன்னிக்கவும், நீங்கள் ஆர்?" என்கிறாள். இப்போது எங்கள் உறவினர் எல்லோரும் அப்படித்தான் என்னை வரவேற்கிறார்கள்.

ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டு மேசையில் என் தொலைபேசிக்கு நீதிமன்றத்தின் பதில் வந்தது. என் கடிதம் சம்பந்தமில்லாத மாவட்டத்துக்குப் போய்ச் சேர்ந்ததாம். (முகவரி எழுதியது நான்தான்.) வீட்டினுள் நுழைய உதவ ஓர் அலுவலர் வருவார் என்றிருந்தது.

"நல்ல செய்தியோ?" என்று கேட்டார் எய்னார், இரண்டாவது வடையை எடுத்துக்கொண்டு.

"ஓம். நாங்கள் உள்ளுக்கு வரலாமாம்," என்றேன்.

அன்று தீபாவளி.