ஒரு ரூபாய் ஏற்ற முடியாத ஆலை

கூலியை உயர்த்த முடியாமல் ஒரு முதலாளி படுகிற வேதனைக்கு ஈடான வேதனை இந்தப் பூலோகத்தில் கிடையாது. கூலிக்காரனுக்கு வயிறு மட்டும்தான் எரியும். முதலாளிக்கு மனசே எரியும். சின்னசேலம் பக்கம் ஜவ்வரிசி ஆலை வைத்திருந்த சுப்புராயன் அப்படி எரிந்துகொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். அப்போது அவர் புதுக் காரில் இருந்தார்.

அந்த ஆலையில் நான் மூட்டை தூக்கினேன். ஜெயம்மாள் மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் சீவினாள். நாள் கூலி ஆறு ரூபாய். மூன்று வருஷமாக ஏழு கேட்டோம். மகளைப் பத்தாவதோடு நிறுத்தித் தன் பக்கத்தில் கத்தியோடு உட்கார வைப்பதா வேண்டாமா என்பது ஜெயம்மாளுக்கு அந்த ஒரு ரூபாயில்தான் இருந்தது.

முதலாளி இளகிய மனசுக்காரர். முடியாது என்று தன் வாயால் சொல்ல மனம் வரவில்லை. அதை 'விஞ்ஞான முறையில்' சொல்வதற்காகச் சேலத்திலிருந்து அரங்கநாதன் என்கிற 'தொழில் நிபுணரை' வரவழைத்தார்.

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வாரம் அது. ரோடெல்லாம் புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. நிபுணர் ரயிலில் வந்து இறங்கினார். ஆலைக்கு மூன்று மைல். அவருக்கோ குதிகால் வலி. நாற்காலியில் உட்கார வைத்து நானும் என்னோடு மூட்டை தூக்குகிற மாயவனும் இன்னும் இரண்டு பேரும் மரம் மரமாகத் தாண்டித் தூக்கி வந்தோம். அறிவு எவ்வளவு கனம் என்பதை அன்றைக்குத் தோளால் தெரிந்துகொண்டேன்.

"ஒரு ரூபாய் ஏத்தினா ஆலையை மூட வேண்டியதுதான்" என்றார் நிபுணர் கூட்டத்தில்.

"மூடினா மொதலாளி இன்னாங்க பண்ணுவாரு?" என்றாள் ஜெயம்மாள்.

"நெலம் கீது, கடை வாடகை வருது. எப்டியோ கஞ்சி குடிச்சிக்கினு கெடப்பேன்" என்றார் முதலாளி. "உங்க மொகத்துக்காவத்தான் தொறந்து வெச்சிக்கினு இருக்கேன்."

"எங்க மொகம் அவ்ளோ ஜாஸ்தி லாபம் குடுக்குதுங்களா?"

நிபுணர் இதற்கு ஒரு மணி நேரம் பதில் சொன்னார். பிறகு கோழி சாப்பிட்டார். பணம் வைத்த கவரை வாங்கிக்கொண்டு மறுபடி நாற்காலியில் ஏறினார். அவர் பெட்டியை ஜெயம்மாள் தலையில் தூக்கி வந்தாள்.

ஸ்டேஷனுக்கு அரை மைல் இருக்கும்போது, விழுந்து கிடந்த ஒரு புளியமரத்தின் மேல் அவரை இறக்கி வைத்தோம்.

"ஏம்பா நிக்கிறீங்க?"

"கூலி பேசலியேங்க" என்றான் மாயவன். "ஆளுக்கு அஞ்சு ரூபா."

"தொழில் இப்ப இருக்கற நெலமையில..." என்று அவர் தொடங்கினார். தூரத்தில் ரயில் ஊதியது. காரணங்களை அப்படியே விட்டுவிட்டுக் கவரைப் பிரித்தார்.

ஜெயம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மறியல் முடிந்தது. கல்வராயன் மலையிலிருந்து ஏழு லாரிக் கிழங்கு ஒரே நாளில் வந்து சேர்ந்தது. மறியலில் மாட்டி வழியில் நின்று வெயிலில் வெந்துபோன கிழங்கு. இன்னொரு நாள் தாங்காது.

"இன்னா எல்லாம் உக்காந்துக்கினு? கத்தி எடுங்க" என்றார் முதலாளி.

ஜெயம்மாள் எழவில்லை. "ஏழு ரூபா ஏன் முடியாதுன்னு மறந்து போச்சிங்க மொதலாளி. அந்த ஐயாவை இட்டாந்து இன்னொரு வாட்டி சொல்லச் சொல்லுங்க. நிதானமா கேட்டுக்கறோம்."

முதலாளி லாரிகளைப் பார்த்தார். துண்டால் மூக்கைப் பொத்தினார்.

"ஏழு. ஏந்திரிங்க."

ஆலை மூடவில்லை. அடுத்த வருஷம் பக்கத்திலேயே இன்னொன்று திறந்தார். கூலியை உயர்த்தத் தொழில் ஏன் திணறுகிறது என்று இப்போதும் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கிழங்கு அழுக ஆரம்பித்தவுடனே அவருக்கு நாற்றம் தெரிந்தது. நாங்கள் மூன்று வருஷம் அழுகினோம்; அவர் மூக்கைக்கூடப் பொத்தவில்லை.