பிச்சுமணியும் ரியல் எஸ்டேட் ஆணையமும்

ரியல் எஸ்டேட் ஆணையத்தில் உறுப்பினர் ஆகியே தீருவது என்று பிச்சுமணி முடிவெடுத்தபோது அவருக்கு வயது அறுபது. நகரமைப்புத் துறையில் முப்பத்திரண்டு வருஷம் ஊரார் வீட்டுப் பிளான்களில் கையெழுத்துப் போட்டு ரிட்டயர் ஆனவர். கிழக்கேகோட்டை வீட்டில் இப்போது அவருக்கு மிஞ்சியிருந்த அதிகாரம் தேங்காய் துருவுவது. அதுவும் மனைவி சூடாமணியின் மேற்பார்வையில். மனையைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. மனைவியைப் பற்றித்தான் கொஞ்சம் பாக்கி.

உறுப்பினர் இடம் ஒன்று காலி என்று பேப்பரில் அறிவிப்பு வந்தது. பதவி ஐந்து வருஷம். ஊரில் கட்டுகிறவர்களையெல்லாம் கட்டுப்படுத்தும் வேலை. அது கிடைத்துவிட்டால் கட்டினவள் எம்மாத்திரம்? பழவங்காடி கணபதிக்கு ஒரு தேங்காய் உடைத்தார். வீட்டில் மூச்சுவிடவில்லை. சர்க்கார் கார் வாசலில் வந்து நிற்கும்போது அவளே பார்த்து அசந்து போகட்டும்.

விண்ணப்பத்தில் ஓரிடத்தில் பேனா நின்றது. தமக்கோ மனைவிக்கோ மனைத் தொழிலில் ஈடுபாடு உண்டா என்று கேட்டிருந்தது. சூடாமணிக்குத் தெரிந்த ஈடுபாடு இரண்டே. பஜனை, கொத்தவரங்காய் வற்றல். 'இல்லை' என்று எழுதினார். ஆனாலும் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர் அல்லவா, தம் பெயரைச் சொல்லாமல் சிநேகிதன் பெயரை வைத்துச் சரிபார்க்க அடுக்களைக்குப் போனார்.

"சூடா, நம்ம ராமசுப்ரமணியன் ஆணைய மெம்பர் போஸ்டுக்கு அப்ளை பண்றான்."

"அதுக்கு ஆரு ஆளைப் போடறா?"

"சர்க்கார்தான். ஆனா இஷ்டத்துக்குப் போட முடியாது. ஹைகோர்ட் சீஃப் ஜஸ்டிஸ், இல்லேன்னா அவர் அனுப்பற ஆள், ஹவுசிங் செக்ரட்டரி, லா செக்ரட்டரி, இவா மூணு பேரும் உக்காந்து பேர் சொல்லணும்."

"மெம்பர் தப்புப் பண்ணினா?"

"ஆர்டர் தப்புன்னா அப்பீல் டிரிப்யூனல் இருக்கு, அதுக்கு மேல ஹைகோர்ட். ஆளே தப்புன்னா ஹைகோர்ட் ஜட்ஜ் விசாரிச்சு, சர்க்கார் வெளியே அனுப்பிடும்."

"ஆத்துக்காரி வீடு கட்டி விக்கறவளா இருந்தா?"

"பின்னே கிட்டாது. அவாளே பில்டர், அவாளே போலீஸ்னு ஆயிடுமே."

"பாவம் ராமசுப்ரமணியன்," என்றாள் சூடாமணி, வெண்டைக்காயை நறுக்கியபடி.

"அவன் பொண்டாட்டிக்கு அதெல்லாம் ஒண்ணும் தெரியாது."

"செரி," என்றாள்.

விண்ணப்பம் போயிற்று. இரண்டு மாதத்தில் நேர்முகத்துக்கு அழைப்பும் வந்தது. கேள்வி கேட்டால் திணறக்கூடாதே என்று ஒரு மத்தியானம் ஆணையத்தின் இணையதளத்தைத் திறந்து, பதிவான கட்டடத் திட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

விழிஞ்ஞம் பக்கம், ஒன்பது வீடுகள். பில்டர்: சூடாமணி பிச்சுமணி.

பக்கத்தில் போட்டோ. மருமான் ஜெயந்த் கல்யாணத்தில் எடுத்தது. ஓரத்தில் பிச்சுமணியின் தோள் கொஞ்சம் தெரிந்தது. மீதியை வெட்டியிருந்தார்கள்.

பிச்சுமணி கண்ணாடியைத் துடைத்தார். பிறகு லேப்டாப்பைத் துடைத்தார். சூடாமணி அங்கேயே சிரித்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்தபடியே கூப்பிட்டார்.

"சூடா, இது ஆரு?"

"நான்தான். அந்தப் புடவை ஞாபகம் இல்லையா?"

"நீ பில்டரா?"

"எங்கப்பா குடுத்த எடம். துறைமுகம் வரப்போறதுன்னு தெரிஞ்சதும் ஒரு பிளான் போட்டுத் தாங்கோன்னு மூணு தரம் கேட்டேன். 'ஃபைல் கெடக்கட்டும், பாக்கலாம்'னேள். பாறசாலையில தாசம்மாள்னு ஒரு கான்ட்ராக்டர். கெட்டிக்காரி. அவளும் நானுமா ஆரம்பிச்சுட்டோம்."

"தினம் சாயங்காலம் பஜனைக்குன்னு போனியே?"

"பஜனை செவ்வாய், வெள்ளி மட்டும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீ."

"நீங்க ராமசுப்ரமணியன்னு சொன்னேள். நான் ஒண்ணும் சொல்லலை. ரெண்டுல எது தேவலை?"

பிச்சுமணி லேப்டாப்பை மூடினார். "நான் 'இல்லை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். பொய்ச் சத்தியம் ஆயிடும். அந்தப் பதிவை வாபஸ் வாங்கிடு."

"ஒன்பது வீட்டுக்கும் ஆள் ஆயாச்சு. அவாளை நடுத்தெருவுல விட முடியுமா? இன்னொண்ணு கேட்டேளா, போன வாரம் நீங்க கோயிலுக்குப் போயிருந்தப்போ, உங்களைப் பத்தி விசாரிக்க போலீஸ் ஸ்பெஷல் பிராஞ்ச்லேந்து ஒருத்தர் வந்தார்."

"என்ன சொன்னே?"

"உள்ளதைச் சொன்னேன். காப்பி குடுத்தேன். நம்ம வீடுகளோட விளம்பர நோட்டீஸும் ஒண்ணு குடுத்தேன்."

அன்றைக்கே பிச்சுமணி விலகல் கடிதம் எழுதினார். முப்பத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ ஃபைலைக் கிடப்பில் போட்டவருக்கு, தம்முடைய ஃபைலை ஒரு மணி நேரத்தில் முடிக்க வேண்டி வந்தது. மறுநாள் அதை செக்ரட்டேரியட்டில் கொடுக்கக் கிளம்பினபோது சூடாமணி ஒரு உறையை நீட்டினாள்.

"போறதே போறேள். இதை ஆணைய ஆபீஸ்ல குடுத்துடுங்கோ. பில்டர் குடுக்கற மூணு மாசக் கணக்குல ஒரு பக்கம் விட்டுப்போச்சாம்."

ஆணைய ஆபீஸ் கவுன்டரில் ஜினி இருந்தாள். முன்பு அவரிடம் கிளார்க்காக இருந்த பெண். பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"சார் இங்கே மெம்பரா வராருன்னு கேட்டோமே, செரியோ?"

பிச்சுமணி உறையை நீட்டினார். ஜினி அதன்மேல் இருந்த அனுப்பியவர் பெயரைப் படித்தாள். மெதுவாக உட்கார்ந்தாள். பார்வையாளர் பதிவேட்டை இழுத்து, பிச்சுமணி என்று எழுதினாள். வந்தவர் யார் என்ற கட்டத்தில் கொஞ்சம் யோசித்து நிரப்பினாள்:

'பில்டரோட ஆள்.'