ஒன்றாம் எண் யாருக்கு

"ஏங்க, என் போன்ல மறுபடியும் நெட் போச்சு. இன்னும் அரை மணி நேரந்தான் இருக்கு."

தலைமை எழுத்தர் தன் கணினித் திரையை முறைத்தார். 'இதே முகவரியில் வேறொரு கருவி இருக்கிறது' என்று அது மூன்றாம் முறையாகப் புகார் சொன்னது. காலையில்தான் அந்தக் கணினிக்கு நிரந்தர முகவரி எண்ணாக ஐந்தைத் தன் கையாலேயே தட்டி வைத்திருந்தார். அது தெரியாத வைஃபை டப்பா, அதே ஐந்தை அவர் மனைவியின் போனுக்கும் தூக்கிக் கொடுத்துவிட்டது. ஒரே நாற்காலிக்கு இரண்டு பேர். ஒருவர் உட்கார்ந்தால் மற்றவர் தரையில்.

வேறு நாளாக இருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். அன்று குடியிருப்புச் சங்கத் தலைவர் தேர்தல். தலைமை எழுத்தருக்கும் இரண்டாம் மாடிப் பல் டாக்டருக்கும் போட்டி. நான்கு மணிக்குத் தொடங்கிய வாக்குப்பதிவு ஐந்து மணியோடு முடிகிறது. அவரவர் போனிலிருந்து, அவரவர் வீட்டு இணைப்பு வழியாக மட்டுமே ஓட்டுப் போடலாம். வெளியூர் மச்சான்களின் கள்ள ஓட்டைத் தடுக்க அந்த விதியை எழுதியவரே தலைமை எழுத்தர்தான். நான்கு மணி அடித்த நொடியே தன் ஓட்டைத் தனக்குப் போட்டாயிற்று. பாக்கி, வீட்டில் மூன்று ஓட்டு; மகனும் மருமகளும் இப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார்கள்.

"மாமா, கம்ப்யூட்டர் தானாவே நம்பர் எடுத்துக்கிற மாதிரி விட்டுடுங்க, சரியாயிடும்" என்றாள் மருமகள்.

"தானா எடுத்துக்கறதா? என் ஆபீஸ்ல ஒரு குண்டூசியைக்கூட யாரும் தானா எடுத்துக்க விட்டதில்லம்மா நான்."

தாளை எடுத்துக் கோடு போட்டார். பணிமூப்பு அடிப்படையில் தனக்கு ஒன்று, மனைவிக்கு இரண்டு, மகனுக்கு மூன்று, மருமகளுக்கு நான்கு. போன்களைப் பறித்துப் பறித்து எண்களைத் தட்டினார். கடைசியாகத் தன் கணினியில் ஒன்று என்று தட்டினாரோ இல்லையோ, வீடே ஊமையானது. டிவியில் பாடிக்கொண்டிருந்த பெண்மணி பாதிப் பல்லவியில் வாயைப் பிளந்தபடி நின்றாள்.

"அப்பா, ஒண்ணு அந்த டப்பாவோட நம்பர்" என்றான் மகன். "நாம எல்லாரும் வெளிய போற வாசலே அதுதான். நீங்க இப்ப வாசல்ல குறுக்க நிக்கிறீங்க."

"போன வருஷம் வந்த டப்பாவுக்கு ஒண்ணு, குடும்பத் தலைவனுக்குக் கிடையாதா?"

"தலைவரே, மணி நாலு நாப்பது" என்றாள் மனைவி. "நீங்க ஒம்பதா இருந்தாலும் நான் மரியாதை குறைக்க மாட்டேன். என் ஓட்டு போகணும்."

குரல் தழுதழுத்ததாக அவருக்குப் பட்டது. முப்பத்தேழு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் எதற்கும் இப்படித் தவித்ததில்லை. கண்ணோரம் துடைத்துக்கொண்டார். ஆனாலும் ஒன்றை விட்டுத்தர மனம் வரவில்லை. டப்பாவின் அமைப்புகளுக்குள் புகுந்து, அதை ஒன்பதுக்குப் பதவியிறக்கம் செய்துவிட்டு, தான் ஒன்றில் ஏறி அமர்ந்தார்.

மூன்று போன்களும் பழைய பழக்கத்தில் ஒன்றாம் எண் கதவைப் போய்த் தட்டின. திறந்தவர் தலைமை எழுத்தர். அவருக்கே வெளியே போக வழி தெரியாது.

"மாமா, கால்ல விழறேன், தொடாதீங்க."

"பதறாதே. எல்லாத்தையும் முதல்லேருந்து ஆரம்பிச்சிடலாம்."

டப்பாவின் முதுகில் இருந்த சின்னத் துளைக்குள் ஊக்கை விட்டு ஓர் அழுத்து. டப்பா தன் பெயர், ஊர், கடவுச்சொல் அனைத்தையும் மறந்து பச்சைக் குழந்தையாயிற்று. பிறவிக் கடவுச்சொல் அதன் அடிவயிற்றில் அச்சிட்டிருக்கும். அதன் மேலேதான் 'அசையும் சொத்து, எண் 17' என்று எழுதிய சீட்டை, நூறு வருடம் தாங்கும் பசையில் ஒட்டியிருந்தார் தலைமை எழுத்தர்.

மேசைக்கடியில் மல்லாந்து படுத்து நகத்தால் சுரண்டினார். சீட்டு வந்தது. கூடவே கடவுச்சொல்லின் பாதியும் வந்தது. மிச்சப் பாதியை வைத்து அவர் நாற்பது விதமாக ஊகித்து முடிக்கையில் மணி ஐந்து.

வெளியே வந்தபோது மனைவி, மகன், மருமகள் மூவரும் சோபாவில் வரிசையாக, பல் பிடுங்கியவர்கள்போல் உட்கார்ந்திருந்தார்கள். குடும்பத்தின் அன்பை ஒரு குண்டூசித் துளையில் இழந்துவிட்டோமே என்று நினைத்தார்.

கதவு தட்டப்பட்டது. தேர்தல் அதிகாரியான தரைத்தளத் தையற்காரர், கழுத்தில் அளவு நாடாவோடு நின்றார்.

"இருபத்தொண்ணு, பத்தொம்பது. ரெண்டு ஓட்டு வித்தியாசத்துல நீங்கதான் தலைவர் சார்."

மருமகள் தலையில் கை வைத்தாள். தலைமை எழுத்தர் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"வருத்தப்படாதம்மா. உங்க மூணு ஓட்டும் விழுந்திருந்தா அஞ்சு ஓட்டு வித்தியாசம் ஆகியிருக்கும், அவ்வளவுதானே."

தையற்காரர் தொண்டையைச் செருமினார்.

"இல்லீங்க சார். நீங்க மேசைக்கடியில இருந்தப்ப மூணு பேரும் கீழ ஓடிவந்து, ஓட்டை வாயால சொல்றோம், எழுதிக்கோங்கன்னு கெஞ்சினாங்க. உங்க விதிப்படி செல்லாதுன்னுட்டேன். செல்லும்னு எழுதியிருந்தா டாக்டர் ஒரு ஓட்டுல ஜெயிச்சிருப்பாரு."