நாலு வராத கட்டம்

'எண்கட்டம்' மாத இதழின் ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, ஓனோமிச்சி துறைமுகத் தெரு கினுயோ தகேமுரா வணங்கி எழுதுவது. மழை ஓய்ந்து வெயில் பல்லைக் காட்டத் தொடங்கிவிட்டது. தாங்களும் அலுவலகத்தாரும் வேர்க்குருத் தொல்லையின்றி நலமாக இருப்பீர்களாக.

நலம் விசாரித்தாயிற்று. இனி சண்டை.

என் வீட்டுக்காரர் தெய்சோவுக்கு இன்று இதயத்தில் வால்வு மாற்றுகிறார்கள். ஆபரேஷன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். காலமெல்லாம் படகு ஓட்டியவர், புயலுக்குப் பயந்ததில்லை, பயமெல்லாம் நாலுக்குத்தான். நம் ஜப்பான் பாஷையில் நாலையும் 'ஷி' என்கிறோம், சாவையும் 'ஷி' என்கிறோம். எந்தப் புண்ணியவான் வைத்த பெயரோ! இந்த ஆஸ்பத்திரியில் மூன்றாம் அறைக்கு அடுத்தது ஐந்தாம் அறை என்று பார்த்ததும் மனுஷர் நிம்மதியாகப் படுத்தார். அந்த நேரம் பார்த்து என் நாத்தனார், பொழுது போகட்டும் என்று உங்கள் இதழை வாங்கி வந்து நீட்டினாள். பிடித்தது சனி.

முதல் பக்கத்தில் ஒன்பதுக்கு ஒன்பது கட்டம். குறுக்கே, நெடுக்கே, சின்னப் பெட்டிக்குள்ளே, எங்கேயும் ஒன்று முதல் ஒன்பது வரை ஒரு தடவைதான் வரணும். இவர் விறுவிறுவென்று போட்டார், நாலு வரவேண்டிய இடத்தை மட்டும் காலியாக விட்டார். அச்சிலேயே இருந்த நாலுகளின் மேல், ஊசி போட்ட இடத்துப் பிளாஸ்திரியைக் கிழித்து ஒட்டினார்.

"ஒன்பதும் ஆகாததுதானே, ஒன்பதும் 'கு', வேதனையும் 'கு'வாச்சே, அதை மட்டும் எழுதுறீங்க?" என்றேன்.

"வேதனை எனக்குப் பழக்கம்டி. உன்னோட இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணலையா?"

நர்ஸ் பெண் சிரித்தாள். "நாலை 'யோன்'னும் வாசிக்கலாமே ஐயா."

"வாய் யோன்னு சொல்லும்மா, நெஞ்சு ஷின்னுதானே கேக்குது. அந்த நெஞ்சைத்தானே அறுக்கப் போறீங்க?"

நானாவது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "மத்த எட்டையும் போட்டுட்டு ஒண்ணை விட்டா, விட்ட இடம் நாலுதாங்க. எழுதினா என்ன, எழுதாட்டி என்ன?" என்று சொல்லித் தொலைத்தேன். மனுஷர் முகம் வெளிறிப்போச்சு. நாலில்லாத ஒரு புதிரையாவது முடிக்காமல் கையெழுத்துப் போட மாட்டேன், ஆபரேஷனும் வேண்டாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அப்புறம் உங்கள் இதழை நான் புரட்டு புரட்டென்று புரட்டினேன். கூட்டல் கட்டம் என்று ஒன்று. ஓரத்தில் தொகை போட்டிருக்கும். ஒரே தொகைக்குள் ஒரே எண் இரண்டு தடவை வரக்கூடாது. இரண்டு கட்டத்தில் மூன்று வேண்டுமென்றால் ஒன்றும் இரண்டும்தான், வேறு வழியே கிடையாது. அடடா, இப்படியும் ஒரு ஒழுங்கா என்று நானே சொக்கிப்போனேன். இருவரும் சேர்ந்து போட்டோம், நாலு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கடைசிக் கட்டத்தில் தொகை ஏழு, பக்கத்தில் மூன்று உட்கார்ந்திருக்கிறது. துணைக்கு யார் வருவார்? நீங்களே சொல்லுங்கள். சின்னது பெரியது குறி போட்ட கட்டத்துக்குத் தாவினால், அங்கே மூன்றைவிடப் பெரியது, ஐந்தைவிடச் சின்னது! சிறுவர் பக்கத்து மூன்றுக்கு மூன்று கட்டத்தில் மூன்றுக்கு மேல் எண்ணே இல்லை, நாலே கிடையாதென்று ஓடிப்போய்க் காட்டினேன். "என்னைப் பச்சப்புள்ளன்னு நெனச்சியா?" என்று விழுந்தார்.

கடைசியில் டாக்டரே வந்தார். "அந்தக் கூட்டல்ல கடைசிக் கட்டம் காலியா இருக்கட்டும் ஐயா. வந்து நீங்களே முடிங்க." அதற்குத்தான் கையெழுத்து விழுந்தது. தள்ளிக்கொண்டு போகும்போதுகூட, "அதைத் தொட்டுடாதே கினுயோ" என்றார்.

எனக்கு இந்த மூடநம்பிக்கையெல்லாம் கிடையாது. அவருக்காகக் கேட்கிறேன், மாதம் ஒன்றாவது நாலு வராத புதிர் போடுங்கள். தங்கள் இதழும் தங்கள் இதயமும் நெடுங்காலம் ஓடட்டும்.

இப்படிக்கு,
கினுயோ தகேமுரா

பி.கு.: கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. நேற்று வெகுநேரமாகியும் ஆபரேஷன் அறைக் கதவு திறக்கவே இல்லை. கட்டத்தைக் காலியாக விடவும் பயம், நாலு போடவும் பயம். பொறுக்க முடியாமல் ஐந்து போட்டுவிட்டேன். இன்று கண் விழித்தவர், தொண்டைக் குழாயை எடுத்ததும் இதழைத்தான் கேட்டார். பார்த்தார். "மூணும் அஞ்சும் ஏழாடி? ஷி... ஷி போடு" என்று ஈனஸ்வரத்தில் அதட்டி, என் கையாலேயே எழுத வைத்தார். அவர் கண் அசந்ததும் அந்த நாலின் மேல் நான் பிளாஸ்திரி ஒட்டிவிட்டேன். ஆகவே நாலில்லாத புதிரை அவசியம் போடுங்கள். அவருக்கு வேண்டாம், எனக்கு.